உடையாத பக்கம்

என் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கோயில் மணியின் தலைப்பகுதி என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள், கனம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடிப்பார்கள், திருப்பிப் பார்த்து உள்ளே ஆறு வழவழப்பான பள்ளங்கள் ஓடுவதைக் கண்டதும் 'என்னது இது' என்பார்கள். என் வண்டியின் இடது முன்சக்கரத்து சி.வி. ஜாயிண்ட்டின் வெளிக்கூடு அது; சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் மடங்கிக்கொடுத்து, ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டுதான் சி.வி. ஜாயிண்ட். உடையவில்லை, முழுசாக இருக்கிறது. உடைந்தது வலது பக்கம். அதன் துண்டுகளைத் தேனியிலேயே பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று. உடைந்ததை எறிந்துவிட்டு உடையாததை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று மனைவி கேட்டாள். அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது முயன்று பார்க்கிறேன்.

சேறு, பாறை, மலைத்தடம் என்று வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு வண்டியைத் தூக்குவதில், அதாவது தரையிலிருந்து அதன் உயரத்தைக் கூட்டுவதில்தான் வந்து நிற்கும். 'வண்டியத் தூக்குனா முன் ஆக்ஸில் போகத்தான் செய்யும்' என்பார் ஒருவர். 'அதெல்லாம் கிடையாது, ஒரிஜினல் பார்ட் போட்டா ஒண்ணும் ஆகாது' என்பார் இன்னொருவர். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். தூக்கும்வரை முதல் கட்சி, தூக்கிய பிறகு இரண்டாவது, உடைந்த பிறகு ஐந்து மாதம் அந்த இரண்டாவது கட்சிக்குக் கொள்கை பரப்புச் செயலாளர்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கதையில் வண்டியின் தப்பு எதுவும் இல்லை, வீணாக ஏன் அதன் பெயரை இழுக்க வேண்டும். முன்னால் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதற்கு ஸ்பிரிங்காக டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி. அது போதும்.

தூக்கிய கதை

எதற்குத் தூக்கினேன் என்று கேட்டால் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்று சொல்லுவேன். உண்மை என்னவென்றால் பார்வைக்கு. முன்பக்கம் கொஞ்சம் குனிந்து, மாமனாரிடம் பணம் கேட்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது என்று எனக்கு ஒரு குறை. டார்ஷன் பார் வண்டியில் முன்பக்கத்தைத் தூக்குவது ரொம்பச் சுலபம், அதுதான் வம்பே. ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மிலும் இன்னொரு முனை சேஸிஸிலும் மாட்டியிருக்கும் நீளமான இரும்புத் தண்டு அது; முறுக்கிக்கொண்டுதான் ஸ்பிரிங் வேலை செய்கிறது. சேஸிஸ் பக்கத்தில் ஒரு போல்ட் இருக்கும், அதை முறுக்கினால் வண்டி மேலே எழும்பும். அரைமணி நேரத்தில் 5 செ.மீ. வாங்கிவிட்டேன். பின்பக்கம் உயர, பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷாக்கிளை நீளமானதாக மாற்றினேன். 235/70 டயரைக் கழற்றிவிட்டு 245/75 போட்டேன், அதே 16 இன்ச் ரிம்தான், டயரின் விட்டம் மட்டும் 735 மி.மீ.-லிருந்து 774 ஆனது. (1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படிக் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். அதைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை.)

வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். டார்ஷன் பாரை முறுக்குவதால் சக்கரம் மொத்தமாக ஆடக்கூடிய தூரம் கூடுவதில்லை. கீழே இறங்க வைத்திருந்த தூரத்தில் பாதிக்குமேல் நிற்கும்போதே தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது 3 செ.மீ. கொஞ்சம் தூக்கிப்போட்டாலும் மேல் ஆர்ம் போய்த் தடுப்பு ரப்பரில் இடிக்கும். அந்தச் சத்தத்துக்கும் ஒரு வைத்தியம் செய்தேன், அது பிறகு வரும்.

போடிமெட்டுக்கு மேலே

போடிமெட்டுக்கும் பூப்பாறைக்கும் நடுவில் என் நண்பனுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்துப் பக்கத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்துக்குள் ஓடைவரைக்கும் ஒரு ஜீப் தடம் போகிறது, சொந்த நிலம்தான், காட்டுக்குள் போகவில்லை. அக்டோபர் மாதம், முந்தின இரவு நல்ல மழை. முன்னால் தோட்டத்து ஜீப் உர மூட்டையோடு போனது. ஓட்டிய டிரைவர் அண்ணன் அந்தத் தடத்தில் முப்பது வருஷமாக ஓட்டுகிறவர். அவருடைய ஜீப் என் வண்டியைவிட உயரம், கூடுதலாக இரண்டு பட்டை போட்டு ஏற்றியிருப்பார். ஒரு சத்தமும் இல்லாமல், அவசரமும் இல்லாமல், முனகிக்கொண்டே மேலே போய்விட்டது.

என் முறை வந்தது. ஏற்றம், அதிலேயே வலப்பக்கம் ஒரு கூர்மையான திருப்பம். இடது முன்சக்கரம் மேட்டில் ஏறியது, வலது முன்சக்கரத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் அரித்த பள்ளம். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பின்சக்கரங்கள் இரண்டும் செம்மண் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங் வலப்பக்கம் முழுசாக ஒடித்தபடி. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச், அதில் முதல் கியர். அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான் என்று என் கால் முடிவு செய்தது. மிதித்தேன். தொங்கிக்கொண்டிருந்த வலது சக்கரம் விர்ரென்று சுற்றியது, சேறு கண்ணாடிவரை பறந்தது, நண்பனின் மகன் விசிலடித்தான். வண்டி பக்கவாட்டில் அரையடி நழுவியது. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் போய்ப் பாறையில் உட்கார்ந்தது.

சிதறுகாய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் முன்பக்கம் இழுக்கவில்லை.

டிரைவர் அண்ணன் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஜாயிண்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் கிழிந்து கருப்பு கிரீஸ் சேற்றோடு கலந்து வழிந்தது. அவர் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், பொத்தென்று ஒரு பால்ரஸ் குண்டு கீழே விழுந்து பள்ளத்துக்குள் உருண்டது. சின்ன வயதில் ஷெட் வாசலில் பொறுக்கி, கோலிக்குப் பதிலாக வைத்து விளையாடினோமே, அதே குண்டுதான். 'ஸ்டியரிங்க ஒடிச்சு வெச்சுக்கிட்டு மிதிச்சுட்டீங்களே தம்பி' என்றார். அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. குண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் நல்ல பாடம். நான் மொத்த ஷாஃப்ட்டையும் உருவி எறிந்துவிட்டு ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அண்ணன் தலையாட்டினார். இந்த மாதிரி வண்டிகளில் ஜாயிண்ட்டின் கடைசித் தண்டும் அதன் பெரிய நட்டும்தான் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்றுகொள்ளலாம். அதனால் உடைந்த கிண்ணத்தை ஹப்பிலேயே விட்டு உள்ளே கிடந்த துண்டுகளைக் கம்பியால் நோண்டி எடுத்தோம், நடு ஷாஃப்ட்டை மட்டும் உருவினோம், ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் உள் ஜாயிண்ட்டின் கூட்டை, இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃப்பரன்ஷியலிலேயே விட்டு வாயில் பாலிதீன் பையைக் கட்டினோம். தோட்டத்து ஜீப் கயிறு போட்டு மேலே இழுத்தது. பின்சக்கரத்து இழுவையில் மட்டும் மெல்ல மெல்லப் போடி இறங்கித் தேனிக்கு வந்து, கையில் கிடைத்த புது ஷாஃப்ட்டை மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

'டூப்ளிகேட்'

உடைந்ததற்குக் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின வருஷம் அதே வலது பக்கம் பூட் கிழிந்து, மண் போய், ஜாயிண்ட்டை மாற்றியிருந்தேன். மாற்றியது கம்பெனிப் பார்ட் இல்லை, வெளி மார்க்கெட்டில் வாங்கியது. இடது பக்கம் வண்டியோடு வந்த ஒரிஜினல், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்குச் சரியாகப் போயிற்று. டூப்ளிகேட் உடைந்தது, ஒரிஜினல் நின்றது. தூக்கியதற்கும் உடைந்ததற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஒருவர் என் பேச்சைக் கேட்டு நல்ல நிலையில் இருந்த தன் ஜாயிண்ட்டைக் கழற்றி எறிந்து கம்பெனிப் பார்ட் வாங்கிப் போட்டார். அவருக்கு ஆன செலவு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு யூ-டர்ன் அடிக்கும்போது இடது பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று கேட்டது. வண்டி நேராகப் போனால் சத்தம் இல்லை, ஒடித்துத் திருப்பினால் மட்டும், சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்றபடி. சி.வி. ஜாயிண்ட் பேச ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் ஒரிஜினலாயிற்றே.

கம்பம் ரோட்டில் ஒரு பழைய ஷெட்டுக்கு நண்பன் கூட்டிப்போனான். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசாதவர். இடது ஷாஃப்ட்டை இறக்கி, பூட்டைக் கழற்றி, டீசலில் நன்றாகக் கழுவி, தினத்தாள் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கிண்ணம், உள்வளையம், ஆறு குண்டு, குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜ். கேஜ் என்பது ஆறு சன்னல் வைத்த ஒரு வளையல் மாதிரி இருக்கும். இந்த ஜாயிண்ட்டின் புத்திசாலித்தனம் முழுக்க அதில்தான். ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற இன்ஜினியர் 1926இல் உருவாக்கிய வடிவம் இது. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் ஆறு குண்டும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் நிற்கும்படி பள்ளமும் கேஜும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒடித்துத் திருப்பும்போதும் இந்தப் பக்கம் சுற்றுகிற வேகத்திலேயே அந்தப் பக்கமும் சுற்றுகிறது, வெட்டி வெட்டி இழுப்பதில்லை.

அவர் எழுந்து போய்க் கழிவுக் குவியலில் துழாவி இன்னொரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். என் வண்டி வகைதான், ஆனால் தூக்காத வண்டி, என்னுடையதைப்போல இரண்டு மடங்கு ஓடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். அந்தக் கிண்ணத்தின் பள்ளங்களில் நடுவாந்தரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது, குண்டுகள் காலமெல்லாம் அங்கேயேதான் உருண்டிருக்கின்றன. என் கிண்ணத்தில் அந்தப் பளபளப்பு இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது, அதன் ஓரங்களில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக இரும்பு உதிர்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு கேஜை எடுத்தார். எனக்கு அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. மெல்லிசான எண்ணெயில் அதை முக்கி எடுத்து, பழந்துணியால் ஈரம் போகத் துடைத்து, பிள்ளைகளின் சாக்பீஸைத் தேய்த்துப் பொடியாக்கி மேலே தூவினார். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருக்கச் சொன்னார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பொடிக்கு நடுவே ஒரு சன்னலின் மூலையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு எழுந்து நின்றது. விரிசலுக்குள் போயிருந்த எண்ணெய் திரும்ப வெளியே கசிந்து சாக்பீஸை நனைத்திருக்கிறது. இன்னும் பார்த்தால் எதிர்ப்பக்கத்துச் சன்னலிலும் ஒன்று. மலையில் வலது பக்கத்து கேஜ் மூன்று துண்டாகப் போனதே, அது எங்கே எங்கே விட்டதோ அதே இடங்கள்.

ஒரிஜினல். வண்டியோடு வந்தது. ஐந்து மாதமாக நான் சாட்சிக்கூண்டில் ஏற்றிவைத்திருந்த சாட்சி எனக்கு எதிராகவே சொல்லிவிட்டது.

அதோடு விடவில்லை. டிஃப்பரன்ஷியல் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட்டை எடுத்தார். ஷாஃப்ட்டில், அந்தக் கூட்டின் வாய்க்கு நேராக, ஒரு பளபளப்பான வளையத் தழும்பு. ஷாஃப்ட் போய்க் கூட்டின் உதட்டில் இடித்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, பல தடவை. 'இது இடிக்கக் கூடாதே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஆடியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

'தம்பி, இந்த ரப்பர யாரு அறுத்தது?'

வைத்தியம் என்று சொன்னேனே, அதுதான். ஸ்பீட் பிரேக்கரில் 'டொம்' என்று இடித்த அந்தத் தடுப்பு ரப்பரை ஆக்ஸா பிளேடால் 2 செ.மீ.-க்குமேல் அறுத்துவிட்டிருந்தேன், இரண்டு பக்கமும். சத்தம் நின்றது. சக்கரம் இன்னும் இரண்டரை செ.மீ. கீழே தொங்க இடம் கிடைத்தது. இது நல்லதுதானே, சஸ்பென்ஷன் டிராவல் கூடியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அந்த ரப்பர் சத்தம் போடுவதற்காக அங்கே இல்லை. இதற்கு மேல் இறங்கினால் உள் ஜாயிண்ட் தாங்காது என்பதற்காக வைத்த வேலி அது. 'நான்தான்ணே' என்றேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

யார் பங்கு எவ்வளவு

வீட்டுக்கு வந்து டேப்பும் பேப்பரும் எடுத்து உட்கார்ந்தேன். என் வண்டியில் உள் ஜாயிண்ட்டுக்கும் வெளி ஜாயிண்ட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 40 செ.மீ. கம்பெனியிலிருந்து வந்தபோது சக்கர மையம் டிஃப்பரன்ஷியலைவிட 3 செ.மீ. தாழ இருந்திருக்கும், அதாவது ஷாஃப்ட் 4 டிகிரி சாய்வு. 5 செ.மீ. தூக்கியதும் அது பதினொன்றரை டிகிரி. நேர்ரோட்டில் சும்மா போகும்போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு குண்டும் பள்ளத்தில் ஒரு முறை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கோணம் ஏறக்குறைய மூன்று மடங்கானால் அந்தப் போக்குவரத்தும் ஏறக்குறைய மூன்று மடங்கு. பளபளப்பு நீண்டது அதனால். நான் மலைக்குப் போன நாட்களைவிட ஆபீஸுக்குப் போன நாட்கள்தான் அதைத் தேய்த்திருக்கின்றன என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமானது.

சக்கரம் முழுசாகத் தொங்கும்போது, ரப்பர் இருந்தவரை ஷாஃப்ட் சாய்வு 16 டிகிரி. ரப்பரை அறுத்த பிறகு 20. உள் ஜாயிண்ட்டுகள் பொதுவாகத் தாங்குவதே 20, 25 டிகிரிதான், அவற்றின் முக்கிய வேலை நீண்டு சுருங்கிக் கொடுப்பது. நான் அதைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்தியிருக்கிறேன். மலையில் வண்டி குதிக்கும்போது எல்லையைத் தாண்டியிருக்கிறது, அந்த வளையத் தழும்பு அதற்கு ரசீது.

ஆனால் உடைந்தது வெளி ஜாயிண்ட். அங்கேதான் கணக்கு என்னைக் கொஞ்சம் திடுக்கிட வைத்தது. வெளி ஜாயிண்ட் இரண்டு வளைவைச் சேர்த்துத் தாங்குகிறது, ஷாஃப்ட்டின் சாய்வு ஒன்று, ஸ்டியரிங் ஒடிப்பு இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு திசை, அதனால் அப்படியே கூட்டக்கூடாது, கொசைன்களைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். முழுசாக ஒடித்தால் உள்வட்டத்துச் சக்கரம் 35 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், தூக்காத வண்டி தரையில் நிற்கும்போது மொத்தக் கோணம் 35-க்குச் சற்று மேல். தூக்கிய பிறகு 36-லிருந்து 37. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் 38. ரப்பரையும் அறுத்த பிறகு, கிட்டத்தட்ட 40. அதாவது நான் லிஃப்ட், டயர், ரப்பர் என்று பண்ணிய அட்டகாசம் எல்லாம் சேர்ந்து அந்த நிமிஷத்தில் வெளி ஜாயிண்ட்டின் கோணத்தில் சேர்த்தது நாலைந்து டிகிரி. மீதி 35-ஐயும் சேர்த்தது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கை. இந்த வகை ஜாயிண்ட் 45 டிகிரிக்குப் பக்கத்தில்வரை மடங்கும்தான். மடங்கும் என்பது வேறு, அந்த மடிப்பில் முழு இழுவையையும் தாங்கும் என்பது வேறு. நேராக இருக்கும்போது ஆறு குண்டும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ரொம்ப மடங்கினால் பாரம் இரண்டு மூன்று குண்டுகள்மேல் போய்க் குவியும், அவை கேஜின் சன்னல் ஓரத்தில் போய் முட்டும்.

காலின் பங்கு தனி. என் வண்டியின் லோ ரேஞ்ச் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 40 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நின்று இன்னொன்று அந்தரத்தில் இருந்தால் டிஃப்பரன்ஷியல் அந்தரத்தில் இருப்பதை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், அப்படிப் பார்த்தாலும் ஒன்றுக்கு 20. அந்தச் சக்கரம் பாறையில் உட்கார்ந்து சட்டென்று நின்றபோது, பெரிய டயரின் கனத்தை மட்டும் நிறுத்தவில்லை. பின்னால் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குமேல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஃப்ளைவீலையும் சேர்த்து அந்தச் சின்ன கேஜ்தான் நிறுத்திப் பார்த்தது. ஏற்கெனவே விரிசல் விட்ட கேஜ்.

ஆக, யார் உடைத்தது? தூக்கியது விரிசல் விடவைத்தது, ரப்பர் அதற்கு நெம்புகோல் கொடுத்தது, கையும் காலும் வேலையை முடித்தன. இரண்டு கட்சியிலும் இப்போது எனக்கு இடம் கிடையாது.

அண்ணனின் ஜீப் ஏன் உடையவில்லை

என் வண்டியைவிட உயரமான தோட்டத்து ஜீப் ஏன் முப்பது வருஷமாக உடையவில்லை என்று கேட்டால், முதல் பதில் இயந்திரத்தில் இருக்கிறது. அது ஒற்றை ஆக்ஸில். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம்வரை ஒரே இரும்புக் குழாய், டிஃப்பரன்ஷியலும் அதிலேயே. எத்தனை பட்டை போட்டு ஏற்றினாலும் உயர்வது மேலே இருக்கும் உடம்புதான், ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஷாஃப்ட் சாய்வதே இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாயிண்ட்டுக்கு ஸ்டியரிங் ஒடிப்பு மட்டும்தான் கோணம். தூக்கினால், கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது சிலுவை வடிவ மூட்டுதான் அவதிப்படும். இதே மாதிரி ஒற்றை ஆக்ஸில் உள்ள மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களிடம் போய் 'தூக்கியதால்தான் பர்ஃபீல்டு ஜாயிண்ட் (அவர்கள் வண்டியின் சி.வி. ஜாயிண்ட்) போச்சு' என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிப்பதும் நியாயம். அங்கே உடைப்பது பெரிய டயர், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர், ஒடித்துவைத்து மிதிக்கும் கால்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் முன் ஆக்ஸிலில் ஒரே மாதிரி ஜாயிண்ட் கிடையாது. பெண்டிக்ஸ், ஷெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திரும்பிக்கொண்டே இழுக்கும் சக்கரம் என்பது அன்றைக்கே அவ்வளவு தலைவலி. பிற்காலத்து ஜீப்புகள் பலவற்றில் சாதாரண கிராஸ்தான். கிராஸ் 35 டிகிரி மடங்கினால் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை 18 சதவீதம் பின்தங்கி, 22 சதவீதம் முந்தி ஓடும். ஸ்டியரிங் கையில் வெட்டும். அந்த வெட்டு பிடிக்காமல்தான் எல்லோரும் சி.வி. ஜாயிண்ட்டுக்குப் போனார்கள். எனக்கு இப்போது ஒரு சந்தேகம், அந்த வெட்டுதான் பழைய டிரைவர்களுக்குப் பாடம் எடுத்ததோ என்று. ஒடித்துவைத்து மிதித்தால் கையில் அடிக்கும், அடிபட்டவர் காலை எடுப்பார். என் வண்டி கடைசிவரை வெண்ணெயாகத் திரும்பியது, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது டார்ஷன் பாரைத் தளர்த்தி 2 செ.மீ. இறக்கிவிட்டேன், இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டாயிற்று, சாய்வு எட்டரை டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. டிஃப்பரன்ஷியலையே கீழே இறக்கும் ஸ்பேசர் போடலாம் என்றார்கள், கோணம் சரியாகும்தான், ஆனால் அதைக் கீழே இறக்கினால் நான் தூக்கியது எதற்கு. குரோமோலி என்ற உறுதியான உருக்கில் செய்த ஷாஃப்ட் போடு, உடையவே உடையாது என்றும் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஷாஃப்ட் உடையாவிட்டால் அடுத்து உடையப்போவது டிஃப்பரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன். ஷாஃப்ட்டை மலையில் பாலிதீன் பையைக் கட்டிச் சமாளித்துவிட்டேன். கிரவுன் பினியனை அப்படிச் சமாளிக்க முடியாது. அதனால் வண்டிக்குப் பின்னால் சாக்குப்பையில் சுற்றி ஒரு பழைய ஷாஃப்ட் கிடக்கிறது.

போன மாதம் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அதே திருப்பம், அதே பள்ளம், அதே சக்கரம் தொங்கியது. காலை எடுத்தேன், இரண்டடி பின்னால் வந்து, ஸ்டியரிங்கைப் பாதி நேராக்கி, வேறு தடம் பிடித்து ஏறினேன். அழகாக இல்லை, நண்பனின் மகன் விசிலடிக்கவும் இல்லை. மேலே ஜீப் பக்கத்தில் டிரைவர் அண்ணன் பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்கிப்போய் அவரிடம் சாக்பீஸ் கதை, ரப்பர் கதை எல்லாம் சொன்னேன்.

'ரப்பர் அறுத்திருந்தத அன்னிக்குக் குனிஞ்சப்பவே பாத்தேன் தம்பி' என்றார்.

'ஏண்ணே, சொல்லியிருக்கலாமே?'

'நீங்கதான் டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுன்னு பேசிக்கிட்டே இருந்தீங்களே' என்று சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார்.